குண்டு விழுந்த எல்லை

சென்ற மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்காகச் சிதம்பரம் போயிருந்தேன். தேர் பார்த்தேன். மறுநாள் விடியற்காலையில் ராஜசபையில் அபிஷேகம் பார்த்தேன். கூட்டத்தில் நசுங்கினாலும் தரிசனம் நன்றாகவே கிடைத்தது. எல்லாம் முடிந்து கீழ வீதிக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொள்ளக் குனிந்தேன். குனிந்தவன் நிமிரவில்லை.

உள்ளே ஆண்டவன் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ நூற்றாண்டுகளாக நிற்கிறான். எனக்கு இரண்டு காலையும் ஊன்றி நிற்பதற்கே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. பூக்கடைக்காரர் ஒருவர் கையைக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று வாய் திறந்து சொன்னால் போதும், நம் ஊரில் ஒவ்வொரு மனிதனும் வைத்தியனாகிவிடுவான். நான் தங்கியிருந்த வீட்டு அத்தை, "காலால் பிறந்தவன் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள். முதுகில் மூன்று மிதி மிதித்தால் ஓடிப்போகும்" என்றாள். பிறக்கும்போது தலைக்குப் பதில் காலை முதலில் நீட்டியவனுக்கு அந்தக் காலில் ஒரு சக்தி உண்டு என்பது அவள் சித்தாந்தம். கூட வந்திருந்த தங்கை மகன் பொறியியல் படிக்கிறவன். அவன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "மாமா, இதைப் பாருங்கள்" என்றான். படத்தில் ஒரு வெள்ளைக்காரர், படுத்திருக்கிறவரின் தாடையில் ஒரு துண்டைக் கொடுத்து வெடுக்கென்று இழுத்தார். பனங்கிழங்கை ஒடித்தது போல் ஒரு சத்தம். படுத்திருந்தவர் சிரித்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"இதற்குப் பெயர் கைரோபிராக்டிக். சென்னையில்கூட இருக்கிறார்கள்" என்றான் பையன்.

கடைசியில் ஜெயித்தது ஆட்டோக்காரர் சொன்ன யோசனைதான். புவனகிரிப் பக்கத்தில் சுளுக்கு எடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று அங்கே கொண்டுபோய் விட்டார். தென்னங்கீற்றுத் தாழ்வாரம், ஒரு கோரைப்பாய், நல்லெண்ணெய்க் கிண்ணம். பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். நான் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். மேல் காலை மடக்கி, தோளைப் பின்னுக்கும் இடுப்பை முன்னுக்கும் தள்ளினார். 'மடக்'கென்றது. வலி பாதி குறைந்தது. வெற்றிலையும் பாக்கும் வைத்து, முடிந்ததைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மீதிப் பாதி வலியோடு கடலூர் போனேன். அங்கே என் சிநேகிதர் ஒருவர், சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என்னை மஞ்சக்குப்பத்தில் ஒரு பிஸியோதெரபி நிலையத்துக்கு அழைத்துப் போனார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் இளம் பெண். கால் மணி நேரம் கேள்வி கேட்டாள். பாதத்தை ஊசியால் தொட்டுப் பார்த்தாள். முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினாள். பிறகு ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். மேல் காலை மடக்கி, தோளைப் பின்னுக்கும் இடுப்பை முன்னுக்கும் தள்ளினாள். 'மடக்'கென்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே படுக்கை, அதே முறுக்கு, அதே சத்தம்! நல்லெண்ணெய் மட்டும்தான் இல்லை.

"இதையேதான் அம்மா புவனகிரியில் ஒரு பெரியவரும் செய்தார்" என்றேன்.

"செய்திருப்பார் சார்" என்று சிரித்தாள். "அமெரிக்காவில் ஒரு கைரோபிராக்டரிடம் போயிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்."

"அப்படியானால் உங்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவர் உங்களை என்ன கேள்வி கேட்டார்?" என்றாள்.

ஒன்றும் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிட்டேன். ஆனால் அது என்னை விடவில்லை. ஒரே காரியத்தைச் செய்கிற மூன்று பேருக்கு மூன்று பெயர், மூன்று மரியாதை, மூன்று கட்டணம். நடுவே கோடு போட்டது யார்? எப்போது?

அன்று மாலை சிநேகிதர் என்னைக் காற்றாட அழைத்துப் போனார். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிற வழியில், குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர்ப் பெயரைப் பார்த்தேன். "அதென்ன குண்டு?" என்று கேட்டேன். சரித்திர வாத்தியாரிடம் இப்படிக் கேட்கலாமா? வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியே விட்டார்.

1690-ஆம் வருஷம் இங்கிலீஷ் கம்பெனி, செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. பின்னால் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்றது அதுதான். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேர்த்தி? ஒப்பந்தத்தில் ஒரு விசித்திரமான ஷரத்து. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவும் கம்பெனிக்கு. கம்பெனியார் சும்மா இருப்பார்களா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்துச் சுற்றிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த வட்டத்துக்குள் அகப்பட்ட கிராமங்கள் எல்லாம் 'குண்டு கிராமங்கள்' ஆகிவிட்டன.

"மண் மாறவில்லை, பயிர் மாறவில்லை, உழுகிற ஆள் மாறவில்லை. முதல் நாள் வரை மராட்டியருக்கு வரி கட்டியவன், மறுநாள் வெள்ளைக்காரனுக்குக் கட்டினான். அவ்வளவுதான்" என்றார் சிநேகிதர்.

என் இடுப்பு விவகாரத்துக்கும் விடை இதில்தான் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஊருக்குத் திரும்பியதும் புத்தகங்களைப் புரட்டினேன். நான் நினைத்தது முக்கால்வாசி சரியாகவே இருந்தது. பாக்கிக் கால்வாசியைக் கடைசியில் சொல்கிறேன்.

எலும்பு கட்டுகிறவர்கள், சுளுக்கு எடுக்கிறவர்கள் எல்லாத் தேசத்திலும் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் அவர்கள் குடும்பத் தொழிலாகவே செய்து வந்தார்கள். படித்த டாக்டர்களுக்கு அவர்களைக் கண்டால் எரிச்சல். ஆனால் 1867-இல் ஜேம்ஸ் பேஜெட் என்ற புகழ்பெற்ற சர்ஜன் மாணவர்களைக் கூப்பிட்டு வைத்து ஒரு பிரசங்கம் செய்தார். விஷயம், எலும்பு கட்டுகிறவன் குணப்படுத்துகிற கேஸ்கள் எவை என்பது. அவன் செய்கிற கெடுதலைக் கண்டு ஒதுங்குங்கள், அவன் செய்கிற நன்மையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது அவருடைய உபதேசத்தின் சாரம்.

சிலர் கற்றும் கொண்டார்கள். லண்டனில் ரிச்சர்ட் ஹட்டன் என்று ஓர் எலும்பு கட்டுகிறவர். அவர் நோயில் விழுந்தபோது பீட்டர் ஹூட் என்ற டாக்டர் காசு வாங்காமல் பார்த்தார். ஹட்டனுக்கு நன்றிக்கடன் தீர்க்க வேறு வழி இல்லை. தன் வித்தையைச் சொல்லித் தருகிறேன் என்றார். டாக்டரின் மகன் வார்ட்டன் ஹூட், அவரும் டாக்டர், போய்க் கற்றுக்கொண்டு 1871-இல் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் எழுதிவிட்டார். குடும்ப ரகசியம் அச்சேறிவிட்டது.

இதைவிட ருசியான கதை வேல்ஸ் நாட்டுத் தாமஸ் குடும்பத்துடையது. ஆங்கிள்சி தீவில் பரம்பரையாக எலும்பு கட்டியவர்கள். அந்தக் குடும்பத்து ஈவான் தாமஸ் லிவர்பூலுக்கு வந்து தொழில் நடத்தினார். டாக்டர்களின் பகையைச் சுமந்து சுமந்து அலுத்துப்போன மனிதர், தம் ஐந்து பிள்ளைகளையும் வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டார். மூத்தவர் ஹ்யூ ஓவன் தாமஸ். இங்கிலாந்தில் எலும்பு மருத்துவத்தின் தந்தை என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள். தொடை எலும்பு முறிந்தால் காலை நீட்டி அசையாமல் பிடித்துவைக்க அவர் ஓர் இரும்புச் சட்டம் செய்தார். முதல் உலகப் போரில் அவர் மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் அதைப் போர்முனைக்குக் கொண்டு போனார். தொடை முறிந்த சிப்பாய்களில் நூற்றுக்கு எண்பது பேர் மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, போர் முடிவதற்குள் இருபதுக்குக் குறைந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தகப்பனார் நாட்டு வைத்தியர். மகன் சாஸ்திர வைத்தியர். கோடு ஒரு வீட்டின் கூடத்துக்குள்ளேயே ஓடியிருக்கிறது!

பிஸியோதெரபியும் கைரோபிராக்டிக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலுமாகப் பிறந்தவை. சுவீடனில் பெர் ஹென்ரிக் லிங் 1813-இலேயே ஸ்டாக்ஹோமில் தேகப்பயிற்சிக் கழகம் வைத்து, பயிற்சியும் பிடித்துவிடுவதும் சேர்ந்த சிகிச்சையைச் சொல்லிக்கொடுத்தார். அது இங்கிலாந்துக்கும் பரவியது. ஆனால் லண்டனில் உடம்பு பிடித்துவிடும் கடை என்ற பெயரில் வேறு வியாபாரமும் நடந்தது. 1894-இல் அது பத்திரிகைகளில் நாறியது. யோக்கியமாகத் தொழில் செய்த பெண்களுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. அப்போது நர்சுத் தொழிலைச் சேர்ந்த நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள்: லூசி ராபின்ஸன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பால்மர். சங்கத்து விதிகளில் முக்கியமானது, டாக்டர் சொல்லாமல் யாரையும் தொடக்கூடாது என்பது. அந்தச் சங்கம்தான் 1920-இல் அரச சாசனம் பெற்று, இன்றைய பிரிட்டிஷ் பிஸியோதெரபி சங்கமாக வளர்ந்தது.

மறு வருஷம், 1895 செப்டம்பரில், அமெரிக்காவில் அயோவா மாகாணத்து டேவன்போர்ட் ஊரில் இன்னொரு பால்மர். இவர் டேனியல் டேவிட் பால்மர். மளிகைக்கடை வைத்துப் பார்த்து, பிறகு காந்த வைத்தியராக மாறியவர். அவர் அறை இருந்த கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிற ஹார்வி லில்லார்ட் என்பவருக்குக் காது மந்தம். முதுகில் ஒரு முள்ளெலும்பு புடைத்திருந்ததைக் கண்ட பால்மர் அதை ஓர் அழுத்து அழுத்தினார். காது கேட்டுவிட்டது என்பது கதை. கேள்வி நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே இருக்கிறது, அது முதுகுப் பக்கம் வருவதே இல்லை என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பால்மர் கேட்கவில்லை. நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முள்ளெலும்பு இடம் பெயர்வதால் வருவது என்று ஒரே போடாகப் போட்டார்.

இரண்டு பால்மர்களுக்கும் உறவு கிடையாது. கைகளில் வித்தியாசம் அதிகம் இல்லை. வித்தியாசம் தலையில்தான். லண்டன் பால்மர் டாக்டருக்குக் கீழ்ப்படிகிறேன் என்றாள். அவளுக்குச் சாசனம் கிடைத்தது. டேவன்போர்ட் பால்மர் கீழ்ப்படிய மாட்டேன் என்றார். 1906-இல் அவருக்குச் சிறை கிடைத்தது.

அடுத்த வருஷம் விஸ்கான்ஸின் மாகாணத்தில் நடந்த ஒரு வழக்கு இதைவிட வேடிக்கை. ஷெகடாரோ மொரிகுபோ என்ற ஜப்பானியர் கைரோபிராக்டிக் தொழில் செய்து வந்தார். உரிமம் இல்லாமல் ஆஸ்டியோபதி, அதாவது இன்னொரு வகை எலும்புக் கைவைத்தியம், செய்தார் என்று அவர் மேல் குற்றச்சாட்டு. அவருடைய வக்கீல் கைகள் என்ன செய்தன என்ற பேச்சுக்கே அதிகம் போகவில்லை. அவர்கள் சித்தாந்தம் ரத்த ஓட்டம். எங்கள் சித்தாந்தம் நரம்பு. தத்துவம் வேறு, ஆகவே தொழிலும் வேறு என்றார். ஜூரர்கள் ஒப்புக்கொண்டு விடுதலை செய்துவிட்டார்கள். பீரங்கிக் குண்டு விழுந்துவிட்டது. அந்த இடத்தில் ஓர் எல்லைக்கல் நட்டாகிவிட்டது.

நட்ட கல் நட்ட இடத்தில் நின்றதா என்றால் அதுவும் இல்லை. லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி டாக்டர் ஜேம்ஸ் சிரியாக்ஸ், முள்ளெலும்பைத் திருப்பும் வித்தையைப் பிஸியோதெரபிக்காரர்களுக்கே சொல்லிக்கொடுத்தார். நார்வேயில் கால்டன்பார்ன் என்ற பிஸியோதெரபிஸ்ட் கைரோபிராக்டிக்கும் கற்றுவந்து இரண்டையும் குழைத்துப் பாடத்திட்டம் போட்டார். 1976-இல் ஆஸ்திரேலியப் பிஸியோதெரபி சங்கம், டாக்டர் அனுப்பினால்தான் பார்ப்போம் என்ற பழைய விதியை எடுத்துவிட்டது. அதே 1976-இல் அமெரிக்காவில் கைரோபிராக்டர்கள், எங்களை ஒழிக்கச் சதி செய்கிறார்கள் என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 1987-இல் ஒரு பெண் நீதிபதி, சதி உண்மைதான் என்று தீர்ப்பளித்தார். கீழ்ப்படிந்தவர்கள் சுதந்திரம் கேட்டார்கள். முரண்டு பிடித்தவர்கள் மரியாதை கேட்டார்கள். இரண்டு பேரும் நடந்து நடந்து கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள்.

நம் கதைக்கு வருவோம். வெளியிலிருந்து செய்கிற சிகிச்சைகளைச் சித்த வைத்தியம் முப்பத்திரண்டு என்று கணக்குப் பண்ணி வைத்திருக்கிறது. முறிந்த எலும்பைப் பத்தை வைத்துக் கட்டுவதற்கு அதில் 'கொம்பு கட்டல்' என்று பெயர். உடம்பைப் பிடித்துவிடுவது தொக்கணம். அதிலும் ஒன்பது தினுசு: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். பிஸியோதெரபிக்காரரும் கைரோபிராக்டரும் செய்கிற எதுவும் இந்த ஒன்பதுக்கு வெளியே ரொம்ப தூரம் போய்விடவில்லை. முடிவெட்டி முடித்ததும் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி நெட்டி எடுத்துவிடுகிற நாவிதருக்கு ஒரு காலத்தில் கிராமத்தில் 'மருத்துவர்' என்றே பெயர். கட்டி கீறுவது அவர், பிரசவம் பார்ப்பது அவர் மனைவி.

நம் நாட்டிலும் ஒரு நாள் பீரங்கி வெடித்தது. 1914-இல் சென்னை மாகாணத்தில் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. ஐரோப்பிய வைத்தியம் படித்துப் பட்டம் வாங்கியவர்களின் பெயர் பதிவேட்டில் ஏறியது. மற்றவர்கள் வட்டத்துக்கு வெளியே நின்றார்கள். நாட்டு வைத்தியர்கள் குரல் கொடுத்தார்கள். 1921-இல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழு போட்டு விசாரித்தார்கள். அதன் பயனாக 1924-இல் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி திறந்தது. கேப்டன் சீனிவாசமூர்த்தி அதற்குத் தலைவர். சித்தமும் ஆயுர்வேதமும் யுனானியும் ஓரளவு உள்ளே வந்தன. தாழ்வாரத்தில் கோரைப்பாய் விரித்திருந்தவர் மட்டும் அங்கேயே இருந்தார். இன்றும் இருக்கிறார். கடலூர் ஜில்லாவில் எந்தச் சாலையில் போனாலும் 'புத்தூர் கட்டு' என்று ஒரு பலகை கண்ணில் படும். ஆந்திரத்துப் புத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் குடும்ப வித்தை இங்கே ஊர்ஊராகப் பெயர் பெற்றுவிட்டது.

பிஸியோதெரபி நம் தேசத்துக்கு வந்தது இடுப்புப் பிடிப்புக்காக அல்ல, இளம்பிள்ளை வாதத்துக்காக. 1952-இல் பம்பாயில் அந்த நோய் பரவி, 1953-இல் அங்கே கே.இ.எம். ஆஸ்பத்திரியில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு முதல் பள்ளி ஆரம்பமாயிற்று. தெற்கே வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாரை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். தைத்துவிட்டால் போதுமா? நேற்றுவரை வேறு வேலை செய்த தசைக்கு, இன்று முதல் உன் வேலை இது என்று வாரக்கணக்கில் பாடம் சொல்ல வேண்டும். அந்தப் பாடம்தான் பிஸியோதெரபி. 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அந்த அறுவைகளைச் செய்தார். பிறகு வெளிநாடு போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்து வந்து, வேலூரில் அதற்கென்று தனித் துறையையே நடத்தினார்.

இவ்வளவுக்குப் பிறகும் எல்லைத் தகராறு ஓயவில்லை. 2021-இல் பிஸியோதெரபி உள்ளிட்ட தொழில்களுக்கு மத்திய அரசு ஒரு சட்டம் செய்தது. கைரோபிராக்டிக்குக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 2025 செப்டம்பர் 9-ஆம் தேதி, பிஸியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடக்கூடாது என்று டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மறுநாளே அந்தக் கடிதம் வாபஸ் ஆயிற்று. மஞ்சக்குப்பத்துப் பெண்ணை 'டாக்டரம்மா' என்று கூப்பிடலாமா என்று நான் கேட்டபோது, "அதற்குத்தான் சார் டெல்லியில் சண்டை" என்று அவள் சிரித்ததன் அர்த்தம் பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

பெயர்ப் பலகை விஷயத்தில் எங்கள் ஜில்லாவே ஒரு வேடிக்கை. அண்ணாமலை நகரில் 1985-இல் ஆரம்பமான ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை 2021-இல் சுகாதாரத் துறை எடுத்துக்கொண்டு அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி ஆக்கியது. ஆக, கடலூர்க் கல்லூரி இருப்பது சிதம்பரத்தில். இடம் எதுவானாலும் நோயாளி குணமானால் சரி.

இனி அந்த 'மடக்'. எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்ததன் சத்தம் என்று பெரியவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது அப்படி இல்லையாம். மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரில், மூட்டு விரியும்போது அழுத்தம் குறைந்து, வாயுக் குமிழ் ஒன்று உண்டாகிறது. 1947-இல் லண்டனில் இரண்டு டாக்டர்கள் விரல் மூட்டை எக்ஸ்ரே வைத்துப் பார்த்துச் சொன்னதை, 2015-இல் கனடாவில் காந்தப் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். எலும்பு எங்கும் போகவும் இல்லை, வரவும் இல்லை. சாதாரண இடுப்பு வலிக்குக் கையால் திருப்பும் சிகிச்சையும் பயிற்சியும் ஏறத்தாழ ஒரே அளவு பலன்தான் தருகின்றன என்றும், பெரும்பாலான பிடிப்பு சில வாரங்களில் தானே விலகும் என்றும் ஆராய்ச்சிகள் சொல்கின்றன. காலால் பிறந்தவன் மிதித்தாலும் குணமாவது இதனால்தான் போலும்!

ஆனால் இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போக என்னால் முடியாது. என் பால்ய சிநேகிதன் ஒருவன் ஒன்பது வயதில் பூவரச மரத்திலிருந்து விழுந்து முன்கையை முறித்துக்கொண்டான். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். ராத்திரி முழுக்க வலியில் அழுதான். வலிக்கத்தான் செய்யும் என்றார்கள். மறுநாள் விரல்கள் நீலம் பாரித்தன. மூன்றாம் நாள் அவிழ்த்தபோது கை பிழைத்தது, ஆனால் விரல்கள் கழுகின் நகம் போல் வளைந்து அப்படியே நின்றுவிட்டன. இறுக்கக் கட்டினால் ரத்தம் தடைப்பட்டுத் தசை செத்து இப்படி ஆகும் என்று ஜெர்மனியில் வோல்க்மன் என்ற சர்ஜன் 1881-இலேயே எழுதிவைத்திருக்கிறார். எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்துசேரவில்லை. கழுத்தை வெடுக்கென்று திருப்புவதிலும், அபூர்வமாகத்தான் என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வருவதுண்டு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என் தகப்பனாருக்குத் தோள் இறுகிப்போய்க் கை தூக்க முடியாமல் இருந்தபோது ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நடையாக நடந்தார். தினமும் ஒரு பையன் வந்து தோளில் கம்பிகளை ஒட்டி, மெஷினைத் திருகிவிட்டு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு வாரம் அவர் தோளை ஒரு மனிதக் கை தொடவில்லை. "மெஷினுக்கு என்னடா தெரியும், எனக்கு எங்கே வலிக்கிறது என்று?" என்பார் அப்பா. கடைசியில் அவர் கையை மெல்ல மெல்ல மேலே உயர்த்தி அசைத்துவிட்டது எங்கள் தெருவில் எண்ணெய் தேய்த்துவிடும் கிழவர்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் சிதம்பரம் போனேன். கோபுர வாசலில் நூற்றெட்டுக் கரணங்களையும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள் அல்லவா? இடுப்பு சரியாகியிருந்ததால் அண்ணாந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உடம்பு என்பது எத்தனை விதமாக வளையும் என்று தெரிந்து வைத்திருந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அப்படியே புவனகிரிக்கும் போனேன். மஞ்சக்குப்பத்துப் பெண் கேட்ட கேள்வி நெஞ்சில் தைத்துக்கொண்டிருந்தது.

"ஐயா, அன்றைக்கு நீங்கள் என்னை ஒன்றுமே கேட்கவில்லையே? கால் மரத்துப்போகிறதா, மூத்திரம் சரியாகப் போகிறதா, ராத்திரியில் வலி கூடுகிறதா, காய்ச்சல் உண்டா என்று கடலூரில் அந்த அம்மா கேட்டார்களே?"

பெரியவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: "கேட்கணும் தம்பி. அந்தப் பொண்ணு சரியாத்தான் கேட்டிருக்கு. நீ ஆட்டோவுலேருந்து எறங்கி நடந்து வந்தே பாரு, அப்பவே உன் காலைப் பார்த்துட்டேன். பாதம் இழுத்திருந்தா பாயில படுக்கவே சொல்லியிருக்க மாட்டேன். ஆனா மூத்திரத்தைப் பத்தி நான் கேட்கிறதில்ல. அது எனக்குத் தெரியாது. இனிமே கேட்கிறேன்."

"படுக்கச் சொல்லாமல் என்ன செய்வீர்கள்?"

"பஸ் ஏத்தி விட்டுடுவேன். பத்துப் பேர் வந்தா ரெண்டு மூணு பேரு அப்படித்தான். எங்கப்பா அனுப்ப மாட்டாரு. வந்தவனைத் திருப்பினா தொழிலுக்கு அவமானம்னு நினைப்பாரு. அவரு காலத்துல ஒரு பையனுக்குக் கை போச்சு. அதுலேருந்து நான் கட்டுக் கட்டினா அன்னிக்கு ராத்திரியே வீடு தேடிப் போயி விரலைப் பார்த்துட்டு வருவேன். நீலம் தட்டினா அவிழ்த்துடுவேன்."

குண்டு எங்கே விழுந்ததோ அதுதான் எல்லை என்று நான் நினைத்திருந்தேனே, அதில் கால்வாசி தப்பு என்றேனே, அது இதுதான். சட்டமும் சங்கமும் வக்கீலும் போட்ட கோடுகள் எங்கெங்கோ ஓடட்டும். நோயாளிக்கு வேண்டிய கோடு வேறு. அது பிஸியோதெரபிக்கும் கைரோபிராக்டிக்குக்கும் நடுவில் இல்லை. கோரைப்பாய்க்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவிலும் இல்லை. இது என் கைக்கு அடங்கியது, இது அடங்காதது என்று ஒவ்வொரு கைக்குள்ளும் ஓடவேண்டிய கோடு அது. படிப்பும் சட்டமும் செய்யவேண்டிய வேலை அதை அழுத்தமாகப் போட்டுக்கொடுப்பதுதான். மஞ்சக்குப்பத்துப் பெண்ணுக்கு அதை நாலு வருஷப் படிப்பு போட்டுக்கொடுத்தது. பெரியவருக்கு அதைப் போட்டுக்கொடுக்க ஒரு பையனின் கை போகவேண்டியிருந்தது.

அந்தப் பையன் யார், எந்த ஊர் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார் பெரியவர். குனிந்து எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை நிமிர முடிந்தது.